கேட்பதற்கு முன்பே பிடித்துவிட்ட பாட்டு

ப்ராக் ராக் ரசிகர் ஒருவரிடம் “புதுசா என்ன ஆல்பம் வந்திருக்கு?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. அவர் ஓர் ஆல்பத்தின் பெயரைச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி ஓர் எச்சரிக்கையும் கொடுப்பார்: “முதல் தடவை பிடிக்காது. பத்துத் தடவை கேளுங்க. அப்புறம் வேற எதுவுமே பிடிக்காது.” இதே வாக்கியத்தைத் தெருமுனையில் பொட்டலம் விற்கிற ஆசாமி சொன்னால் போலீஸைக் கூப்பிடுவோம்.

ப்ராக் என்பது ப்ரோக்ரெஸிவ் ராக்கின் செல்லப் பெயர். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய வகை. மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டிய பாட்டை இருபது நிமிஷம் இழுக்கலாம். நடுவில் தாளத்தை ஐந்துக்கும் ஏழுக்கும் மாற்றி, கூட ஆட எழுந்தவனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும்படி செய்யலாம். பாட்டின் அர்த்தம் பாடுகிறவருக்கும் முழுசாகப் புரியாமல் பார்த்துக்கொள்ளலாம். இத்தனையும் செய்துவிட்டு லட்சக்கணக்கில் விற்றார்கள்.

அதுவும் எப்படி? 1973 டிசம்பரைப் பாருங்கள். யெஸ் என்ற குழு ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்று ஒரு ஆல்பம் போடுகிறது. இரண்டு எல்பி தட்டு. மொத்தம் நாலே பாட்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்று. கூட்டினால் 80 நிமிஷத்துக்கு மேல். இந்த ஆல்பம் பிரிட்டனில் அட்வான்ஸ் ஆர்டரிலேயே கோல்டு டிஸ்க் வாங்கிவிட்டது. வெறும் முன்பதிவை வைத்தே கோல்டு வாங்கிய முதல் பிரிட்டிஷ் ஆல்பம் இதுதான். அதாவது ஊசி தட்டைத் தொடுவதற்கு முன்பே ரசிகர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. பத்துத் தடவை கேட்கச் சொல்லும் கூட்டம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை!

இந்த 80 நிமிஷம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓர் அடிக்குறிப்பிலிருந்து. சத்தியமாக.

அந்த வருஷம் மார்ச்சில், யெஸ்ஸை விட்டு விலகிப்போன டிரம்மர் பில் ப்ரூஃபோர்டுக்குக் கல்யாணம். பாடகர் ஜான் ஆண்டர்சன் போயிருந்தார். அங்கே ஜேமி முயர் என்ற தாளவாத்தியக்காரர் அவரிடம் பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ பற்றிச் சொல்லி வைத்தார். கல்யாண வீட்டில் நாலு பேர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருந்தால் உலகத்துக்கு 80 நிமிஷம் மிச்சமாகியிருக்கும். ஆண்டர்சன் டோக்கியோ ஹோட்டல் அறையில் புத்தகத்தைப் பிரித்தார். 83ஆம் பக்கத்தில் நீளமான ஓர் அடிக்குறிப்பு. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திரங்கள் நாலு வகை என்கிற விஷயம். நம் ஊர் உபன்யாசகர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் நேரத்தில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆண்டர்சனுக்கோ நாலு வகை என்றதும் எல்பியின் நாலு பக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

வேதத்தை நாலாகப் பிரித்தவருக்கு வியாசர் என்று பெயர் கிடைத்தது. இவருக்குக் கிடைத்தது ஒரு மாடு.

எப்படியென்றால், ஆண்டர்சன் இந்த ஆல்பத்தை நடுராத்திரியில் காட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்ய ஆசைப்பட்டார். பிறர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சமரசம்: லண்டனிலேயே மார்கன் ஸ்டூடியோ. காடு வராவிட்டால் போகிறது, காட்டின் சாயலாவது வரட்டும் என்று உள்ளே வைக்கோல் கட்டுகள், வெள்ளை வேலி, ஒரு பொம்மைப் பசு. அந்தப் பசுவுக்கு மின்சார மடி! ஆண்டர்சன் குளிக்கும்போது பாடினால் குரல் நன்றாயிருக்கிறது என்று டைல்ஸ் பதித்த தடுப்பு ஒன்றையும் ஸ்டூடியோவுக்குள் கட்ட வைத்தார்கள். பக்கத்து அறையில் பிளாக் சப்பாத் கோஷ்டி தங்கள் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. சாத்தானைக் கூப்பிடுகிறவர்கள் என்று பெயரெடுத்த அவர்கள்தான் அந்தக் கட்டடத்தில் இருந்த நார்மலான ஆட்கள்.

இது கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கும் புரிந்தது. நீண்ட தங்கநிற முடி, தரை வரை தொங்கும் மினுமினுக்கும் அங்கி என்று மேடையில் மந்திரவாதி மாதிரி நிற்பாரே தவிர, ஆள் சுத்தமான பீர் பார்ட்டி. குழுவில் மற்றவர்கள் காய்கறியும் தியானமுமாகத் திரிய, இவர் பாரில் அம்பெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார். போரடித்தால் பக்கத்து அறைக்குப் போய் சப்பாத்துக்கு ஒரு பாட்டு வாசித்துக் கொடுத்தார். சம்பளம் பீராக வந்தது. சாஸ்திர ஞானத்துக்குக் கிடைத்த சம்பளத்தைவிட அது மேல் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

பிறகு டூர். ஆல்பம் கடைக்கு வரவில்லை. ஆனால் இங்கிலாந்து முழுக்க மேடையில் அந்த நாலு பாட்டையும் முழுசாக வாசித்தார்கள். யாரும் கேட்டிராத பாட்டை, எங்கே கைதட்டுவது என்று தெரியாத கூட்டத்தின் முன்னால், ராத்திரிக்கு ராத்திரி! ஸ்பாய்லர் என்று இப்போது அலறுகிறோமே, அன்று 80 நிமிஷ ஸ்பாய்லரை டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

மான்செஸ்டரில் வேக்மனுக்குப் பொறுமை போயிற்று. வயிறும் கேட்டது. அவர் அடிக்கடி சொல்லும் கதை இது. ஆர்கனுக்குக் கீழே படுத்துக்கொண்டு குடிக்க எடுத்துத் தரும் உதவியாளர், “ஷோ முடிஞ்சதும் என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்கிறார். வேக்மன் வரிசையாகச் சொல்கிறார்: சிக்கன் விண்டாலூ, புலாவ் சாதம், அரை டஜன் பப்படம், வெண்டைக்காய்ப் பொரியல், பாம்பே ஆலு, ஸ்டஃப்டு பராத்தா. ‘முடிஞ்சதும்’ என்ற சொல் மட்டும் எங்கோ இரைச்சலில் கரைந்துவிட்டது. ஸ்விக்கி இல்லாத காலத்தில், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, கீபோர்டுகளின் இடுக்கு வழியாகச் சூடான பொட்டலங்கள் மேலேறி வந்தன. வேக்மன் அதைக் கீபோர்டுகள் மேல் பரப்பிவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். மசாலா வாசனை மேடை முழுக்கப் பரவியது. ஆண்டர்சன் பக்கத்தில் வந்து பார்த்தார். சண்டை போடவில்லை. ஒரு பப்படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்து சாஸ்திரத்தைப் பற்றிய அந்தக் கச்சேரியில் இந்தியா நிஜமாக வந்து சேர்ந்த இடம் அது ஒன்றுதான் என்பது என் கட்சி.

ஆல்பம் வெளியாகிப் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. விமர்சகர்கள் கிழித்தார்கள். ஒன்றரைத் தட்டுக்குத்தான் சரக்கு இருந்தது, மிச்சம் தண்ணீர் ஊற்றியது என்பது வேக்மனின் தீர்ப்பு. ரசிகர்கள் அசரவில்லை. இன்றைக்கும் நாலு ப்ராக் ரசிகர்கள் கூடினால் மூன்றாம் பக்கம் மேதைமையா கிறுக்கா என்று விடிய விடியச் சண்டை. ஐந்தாவது ஆள் இருந்தால் அவர் வேக்மன் கட்சி; சாப்பாடு வாங்கப் போயிருப்பார்.

வேக்மன் 1974இல் யெஸ்ஸை விட்டு விலகினார். அப்பாடா, இனி இந்தப் பிரம்மாண்டப் பைத்தியமெல்லாம் இல்லாமல் நிம்மதியாக வாசிப்பார் என்று நினைக்கிறீர்கள்தானே? அவர் தனியாகப் போட்ட ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ ஆல்பத்துக்கு லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவையும் ஒரு பாடகர் கோஷ்டியையும் கூட்டி வந்திருந்தார். அதுவும் முதலிடம். அடுத்து ஆர்தர் மன்னரைப் பற்றி ஓர் ஆல்பம். அதை 1975இல் வெம்ப்ளி அரங்கில் அரங்கேற்ற ஆசை. அரங்கிலோ ஐஸ் தரை போட்டு வைத்திருக்கிறது. நீங்களோ நானோ என்றால் வேறு தேதி கேட்போம். வேக்மன் ஆர்தர் மன்னரையே ஐஸ் மேல் ஏற்றிவிட்டார். கவசம் போட்ட வீரர்கள் சறுக்கிக்கொண்டே போர் புரிய, நடுவில் அங்கியோடு இவர். மூன்று ராத்திரி. கூட்டம் நெரிந்தது, பணம் கரைந்தது.

அந்த மூன்று ராத்திரியில் ஒன்றைப் பற்றி வேக்மன் சொல்வார்: வீரர்கள் ஜோடி ஜோடியாகச் சண்டை போட்டு ஒருவரையொருவர் வெட்டிச் சாய வேண்டும். அன்று ஒரு வீரர் லீவு. எல்லாரும் செத்து விழுந்த பிறகு ஒரே ஒருவர் மட்டும் ஜோடியில்லாமல் ஐஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிரி வருகிற வழியாக இல்லை. கடைசியில் தன் வாளாலேயே தன்னைக் குத்திக்கொண்டு விழுந்தார். கடமை உணர்ச்சி என்றால் அது.

இப்படியெல்லாம் இழுக்கிறார்களே, யாரும் கேலி செய்யவில்லையா என்றால், செய்தார்கள். அதுவும் உள்ளிருந்தே. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் (இவர் வேறு ஆண்டர்சன், ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதுகிறவர்) ‘அக்வாலங்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். விமர்சகர்கள் அது முழுக்க ஒரே தத்துவச் சரடு என்று எழுதினார்கள். அவரோ “இல்லை ஐயா, வெறும் பாட்டுத் தொகுப்பு” என்று சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. ஆண்டர்சனுக்குக் கடுப்பு. தத்துவச் சரடுதானே வேண்டும், இந்தா பிடி என்று 1972இல் ‘திக் அஸ் எ ப்ரிக்’ வந்தது. மொத்த ஆல்பமும் ஒரே பாட்டு. 43 நிமிஷம் சொச்சம். தட்டைத் திருப்பிப் போட மட்டும் நடுவில் அனுமதி. பாட்டை எழுதியது ஜெரால்டு பாஸ்டக் என்ற எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு புருடா. உறைக்குப் பதிலாக 12 பக்கத்துக்கு ஒரு கிராமத்துச் செய்தித்தாள். அதில் அந்தப் பையனின் பரிசு பறிக்கப்பட்ட செய்தி முதல் குறுக்கெழுத்து வரை எல்லாம் இருந்தது. பேப்பர் தயாரிக்கத்தான் பாட்டைவிட அதிக நாள் பிடித்தது என்பார்கள்.

நீளமான ப்ராக் பாட்டுகளின் மேல் எறியப்பட்ட அந்தச் செருப்பை ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எடுத்துப் போட்டுக்கொண்டு, அளவு கச்சிதம் என்றார்கள். அமெரிக்காவில் அது முதலிடம். ஜெரால்டு நிஜப் பையன் என்று நம்பியவர்களும் உண்டு. அதோடு முடிந்ததா? 2012இல், ஜெரால்டு இப்போது என்ன ஆகியிருப்பான் என்று ஆண்டர்சனே இரண்டாம் பாகம் போட்டார். இல்லாத பையனின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

இந்தக் குணம் இன்னும் மாறவில்லை. ஸ்டீவன் வில்சன் என்பவர் இந்தக் காலத்து ப்ராக் ரசிகர்களின் பெரியவர். 2021இல் ‘தி ஃப்யூச்சர் பைட்ஸ்’ என்று ஓர் ஆல்பம். மனிதர்கள் கண்டதையும் வாங்கிக் குவிக்கும் பைத்தியத்தைக் கிண்டல் செய்வதுதான் அதன் விஷயம். கிண்டலுக்கு உப்புப்போல ஓர் அல்ட்ரா டீலக்ஸ் பெட்டியும் அறிவித்தார். ஒரே ஒரு காப்பி. விலை 10,000 பவுண்டு. பணம் சின்னச் சின்ன இசை அரங்குகளைக் காப்பாற்றும் அறக்கட்டளைக்கு. வாங்க யார் வருவார் என்று கேட்காதீர்கள். வந்தார். ஆனால் அதே ஆல்பத்தில் கீபோர்டு சத்தமும் மூன்று, நாலு நிமிஷப் பாட்டுகளும் அதிகம் என்று பழைய ரசிகர்கள் பலருக்கு மனஸ்தாபம். 2025இல் ‘தி ஓவர்வியூ’ வந்தது. 42 நிமிஷம், இரண்டே பாட்டு. ராசியாகிவிட்டார்கள்.

சரி, இணையமில்லாத அந்தக் காலத்தில் ‘புது ஆல்பம் வாங்கியாச்சு’ என்று ஊருக்கு எப்படி ஸ்டேட்டஸ் போட்டார்கள்? கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள், உறைப்படம் வெளியே தெரியும்படி. பன்னிரண்டு அங்குலச் சதுரம், பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரர் தப்ப முடியாது. அந்தச் சதுரத்துக்காகவே ரோஜர் டீன் என்ற ஓவியர் யெஸ் ஆல்பங்களுக்கு மிதக்கும் பாறை, மீன், மூடுபனி என்று வரைந்து தள்ளினார். பிங்க் ஃப்ளாயிட் 1970இல் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ உறையில் புல்வெளியில் நிற்கும் ஒரு பசுமாட்டின் போட்டோவை மட்டும் போட்டது. குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயர் கிடையாது. மாடு திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். தலைப்பும் அன்றைய செய்தித்தாளில், அணுசக்தியில் இயங்கும் இதயக் கருவி பொருத்திய ஒரு பெண்ணைப் பற்றி வந்த செய்தியிலிருந்து சுட்டது. இங்கிலாந்தில் முதலிடம். பின்னாளில் அதே குழுவின் டேவிட் கில்மர் அந்த ஆல்பத்தைக் குப்பை என்றார். ரசிகர்கள் அவருக்கும் பத்துத் தடவை கேட்கச் சொல்லி யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

பிங்க் ஃப்ளாயிட்டின் அடுத்த கூத்து 1973இல். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ அறிமுக விழா, லண்டன் கோளரங்கத்தில். பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். நாலு பக்கமும் ஒலிக்கும்படியான ஒலிப்பதிவு தயாராகவில்லை என்று குழுவுக்குக் கோபம், ஒருவரைத் தவிர மற்றவர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். வந்த விருந்தாளிகளை வரவேற்றவை நாலு பேரின் ஆளுயர அட்டை கட்-அவுட்டுகள். பேட்டியில் அட்டைகள் நிஜ ஆட்களைவிடக் குறைவாகப் பேசியிருக்க வாய்ப்பில்லை. அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1988 வரைக்குமான கணக்கில் 741 வாரம் பட்டியலை விட்டு இறங்க மறுத்தது. இந்த வெற்றிக்கு அடுத்து அவர்கள் என்ன செய்தார்கள்? வாத்தியமே வேண்டாம் என்று ரப்பர் பேண்டு, ஒயின் கிளாஸ் போன்ற வீட்டுச் சாமான்களை வைத்து ஓர் ஆல்பம் போட உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் மெனக்கெட்டும் ஆல்பம் வந்தபாடில்லை. உலகமே காலில் விழும்போது மனிதனுக்கு ரப்பர் பேண்டு மேல்தான் ஆசை போகிறது.

ஒருவருக்கொருவர் பரிந்துரைக்காமல் ப்ராக் ரசிகர்கள் கமுக்கமாக மறைக்கிற ஆல்பமும் ஒன்று உண்டு. எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற மும்மூர்த்திகள். எமர்சன் ஆர்கனில் கத்தியைச் செருகுவார். பியானோவோடு சேர்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தலைகீழாகச் சுழல்வார். லேக் விலை உயர்ந்த பாரசீகக் கம்பளத்தின் மேல்தான் நிற்பார். 1977இல் சுமார் 70 பேர் ஆர்கெஸ்ட்ராவோடு டூர் கிளம்பி, கட்டுப்படியாகாமல் பாதியில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் கம்பெனி ஒப்பந்தத்துக்காக ‘லவ் பீச்’. உறையில் மூவரும் கடற்கரையில், சட்டைப் பட்டனைத் திறந்துபோட்டு, பல் தெரியச் சிரிக்கிறார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏற எந்த ரசிகருக்கும் துணிச்சல் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்று ஒரு குழு. பாடகர் பீட்டர் ஹாமில். 1971இல் வந்த அவர்களுடைய ‘பான் ஹார்ட்ஸ்’ ஆல்பத்தைச் சொந்த ஊரான இங்கிலாந்தில் சீந்துவாரில்லை. இத்தாலியில் முதலிடம்! ஒரு பக்கம் முழுக்க ஒரு கலங்கரை விளக்கக் காவல்காரனின் புலம்பல். பீட்ஸா ஊரில் ஜனங்கள் மொய்த்தார்கள். லண்டன் திரும்பினால் யாரென்று கேட்டார்கள்.

எல்லாரும்தான், ஒருவரைத் தவிர.

1970களின் நடுவில் லண்டன் தெருக்களில் ஜானி ராட்டன் என்கிற ஜான் லைடன் திரிந்துகொண்டிருந்தார். பிங்க் ஃப்ளாயிட் படம் போட்ட டி-ஷர்ட்டில் ‘எனக்கு வெறுப்பு’ என்று எழுதிப் போட்டுக்கொண்டவர். அதைப் பார்த்தே செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவுக்குப் பாடகராக ஆள் எடுத்தார்கள். பங்க் வந்தது, ப்ராக் செத்தது என்று சரித்திரம் எழுதுகிறவர்களெல்லாம் இந்த டி-ஷர்ட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நீளமான பாட்டு, வெல்வெட் அங்கி, கம்பளம், பொம்மை மாடு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சங்கு ஊதிய வீரர்.

1977 ஜூலையில் லண்டன் கேப்பிட்டல் ரேடியோ இந்த வீரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. “உங்களுக்குப் பிடித்த தட்டுகளைப் போடுங்கள்” என்றது. குழுவின் மேனேஜர் மால்கம் மெக்லாரன் தன் பையன் காறித் துப்புவான் என்று எதிர்பார்த்திருக்கலாம். லைடன் எடுத்து வைத்த தட்டுகளில் பீட்டர் ஹாமிலின் ‘நாடிர்ஸ் பிக் சான்ஸ்’ ஆல்பமும் இருந்தது. ஒரு பாட்டு இல்லை, அதிலிருந்து இரண்டு. மெக்லாரனுக்கு அந்த நிகழ்ச்சி ரசிக்கவில்லை. காறித் துப்புகிற வியாபாரத்தில் நல்ல ரசனை வெளியே தெரிந்தால் நஷ்டம்.

லைடன் பாட்டோடு நிறுத்தவும் இல்லை. ஹாமில் எவ்வளவு பெரிய அசல் ஆள் என்று விளக்கினார். கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது என்பதில் ஒரு ரகசிய சந்தோஷம் தொனிக்க, ஊரே கொண்டாடும் டேவிட் போவி இவரிடமிருந்துதான் நிறையச் சுட்டிருக்கிறார் என்றும் ஒரு போடு போட்டார். உலகம் தெரிந்த நட்சத்திரம் தனக்கு மட்டும் தெரிந்த ஆளிடமிருந்து காப்பியடித்தார் என்பது ஒரு ப்ராக் ரசிகர் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடிய வாக்கியம். டி-ஷர்ட்டை வைத்து வேலைக்கு ஆள் எடுத்தால் இப்படித்தான்.